அப்பா எப்போது வருவார்? – ஆட்டிசம் உடையோரின் துக்கத்தில் துணைநிற்றல்

மாத்திரையின் அளவைக் கூட்டித் தரும்படி கேட்கவே அந்தத் தாய் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். உடன் வந்த மகனுக்கு இருபத்திரண்டு வயது. சிறு வயதிலேயே ஆட்டிசம் எனக் கண்டறியப்பட்டவர். சில சொற்களே பேசுவார். கடந்த நான்கு மாதங்களாக நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு வாசல் கதவருகே போய் நின்றுகொள்கிறார். உள்ளே அழைத்தால் தம் கையைத் தாமே கடித்துக்கொள்கிறார். இரவில் உறங்குவதில்லை. தாமாகவே சட்டை அணியத் தெரிந்தவர், இப்போது அதற்கும் பிறர் கையை எதிர்பார்க்கிறார்.

அண்மையில் வீட்டில் ஏதேனும் மாற்றம் நேர்ந்ததா என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்த தாய், மகன் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் சொன்னார். கணவர் மாரடைப்பால் காலமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. சடங்குகள் முடியும்வரை மகனை உறவினர் வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தவரிடம், "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லிவிட்டார்கள். வேலை முடிந்து அப்பா ஸ்கூட்டரில் வீடு திரும்பும் நேரம் மாலை ஆறு மணி.

அந்த இளைஞர் தம் அப்பாவுக்காகக் காத்திருந்தார்.

இது ஒரே குடும்பத்தின் கதை அன்று. எவரும் அடையாளம் காண இயலாதவாறு, பல குடும்பங்களிடம் நாங்கள் கண்டவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறோம். ஆட்டிசம் உடைய ஒருவர் இருக்கும் வீட்டில் மரணம் நேரும்போது குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இவனுக்குச் சொல்லலாமா?" சொல்ல வேண்டும் என்பதே எங்கள் விடை. எப்போது, எந்தச் சொற்களில், எப்படிச் சொல்வது என்பதையும், அதற்குப் பின் எப்படித் துணைநிற்பது என்பதையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

அழவில்லை என்றால் துயரம் இல்லையா?

"அவனுக்கு என்ன தெரியும்? நல்லவேளை, ஒன்றும் புரியவில்லை" என்று துக்கம் விசாரிக்க வருவோர் ஆறுதலாகச் சொல்வதுண்டு. இது நல்லெண்ணத்தில் சொல்லப்படும் சொல்லே, ஆனால் உண்மையன்று.

ஆட்டிசம் உடையவர்களுக்குப் பற்றும் பாசமும் உண்டு. இழப்பின் வலியும் உண்டு. வேறுபடுவது அந்த வலி வெளிப்படும் விதம். தம் உள்ளத்தில் எழும் உணர்வு இன்னதென்று இனங்கண்டு பெயரிட்டுச் சொல்வதில் ஆட்டிசம் உடையவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இடர்ப்பாடு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. துயரம் நெஞ்சில் இருக்கும். "எனக்குத் துயரமாக இருக்கிறது" என்னும் சொல் கிடைக்காது. அது வயிற்றுவலியாக, உறக்கமின்மையாக, உணவை ஒதுக்குவதாக, ஓயாத அலைச்சலாக, தலையைச் சுவரில் மோதுவதாக வெளிப்படும். சிலர் கற்ற திறன்களைச் சில காலம் இழப்பர். சிலர் ஒரே கேள்வியை நாளுக்கு நூறு முறை கேட்பர். சிலர் இழவு வீட்டில் சிரித்துவிடுவர். அது மகிழ்ச்சிச் சிரிப்பன்று, தாங்க முடியாத பதற்றத்தின் வெளிப்பாடு. நன்கு பேசக்கூடிய, படித்து வேலையில் இருக்கும் ஒருவர், பாட்டியின் உடல் வீட்டில் இருக்கும்போதே "இன்று மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்கலாம். அன்றைய நாள் முற்றிலும் குலைந்துபோன நிலையில், பிடித்துக்கொள்ள ஒரு கொம்பைத் தேடுகிறார் என்றே அதற்குப் பொருள். கல்நெஞ்சம் என்று யாரும் கடிந்துகொள்ள வேண்டா.

காலமும் வேறுபடலாம். மரணம் நேர்ந்த வாரத்தில் எந்த மாற்றமும் இன்றி இருந்தவர், மூன்று மாதங்கள் கழித்துத் தீபாவளியன்று, அப்பா வாங்கித் தரும் மத்தாப்பு வராதபோது நிலைகுலைந்து போகலாம். அந்தத் தொடர்பைக் குடும்பத்தினர் காணத் தவறினால், அது 'நடத்தைக் கோளாறு' என்று மட்டுமே தோன்றும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த மோரீன் ஆஸ்வின், அறிவுத்திறன் குறைபாடு உடையவர்களின் துக்கத்தை ஆராய்ந்து 1991இல் ஒரு நூலை வெளியிட்டார். 'நான் அழலாமா?' என்னும் கேள்வியே அதன் தலைப்பு. துக்கப்படும் உரிமையைக்கூட அவர்களுக்கு நாம் தர மறந்துவிடுகிறோம் என்பதை அந்தக் கேள்வி உணர்த்துகிறது.

எந்தச் சொற்களில் சொல்வது?

இறப்பு என்னும் கொடிய சொல்லைத் தவிர்க்க நம் மொழியில் எத்தனையோ வழிகள் உண்டு. காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், தவறிவிட்டார், கண்ணை மூடிவிட்டார் என்கிறோம். நமக்கு இவை மரியாதைச் சொற்கள். சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு இவை புதிர்கள். சில வேளைகளில் அச்சங்கள்.

"பாட்டி தூங்குகிறாள்" என்று சொல்லப்பட்ட சிறுமி உறங்கவே அஞ்சலாம். "சாமி கூட்டிக்கொண்டு போய்விட்டார்" என்று கேட்ட சிறுவன் அதன்பின் கோவில் வாசலை மிதிக்க மறுக்கலாம். "ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பவில்லை" என்பதை மட்டும் அறிந்தவர், அடுத்த முறை பல்வலிக்காக எங்களிடம் அழைத்து வரப்படும்போது வாகனத்தை விட்டு இறங்காமல் போகலாம். "ஊருக்குப் போயிருக்கிறார்" என்றால், ஊருக்குப் போனவர் திரும்ப வேண்டும் அல்லவா?

ஆகவே 'இறந்துவிட்டார்', அல்லது வீட்டுப் பேச்சில் 'செத்துவிட்டார்' என்னும் சொல்லையே பயன்படுத்துங்கள். வாய் வரவில்லை என்று தாய்மார்கள் எங்களிடம் சொல்லி அழுததுண்டு. உங்களால் இயலாவிட்டால், அவர் நம்பும் மற்றொருவர் சொல்லட்டும். கூட்டம் இல்லாத, பழகிய இடத்தில், குறுகிய வாக்கியங்களாக, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

"அப்பாவின் இதயம் நின்றுவிட்டது. அப்பா இறந்துவிட்டார். இறந்தவருக்கு மூச்சு இருக்காது. வலிக்காது, பசிக்காது, குளிராது. இறந்தவர் திரும்ப உயிர்பெற மாட்டார். அப்பா வீட்டுக்கு வர மாட்டார். எனக்கு அழுகை வருகிறது. அம்மா உன்னோடு இருக்கிறேன்."

இச்சில வரிகளுக்குள் இறப்பைப் பற்றி ஒருவர் அறிய வேண்டியவை பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன: உடல் இயங்குவதை நிறுத்துகிறது, அதற்கு ஒரு காரணம் உண்டு, அது மீளாதது. எல்லா உயிர்களுக்கும் அது நேரும் என்னும் நான்காவது கருத்தைப் பிறகு, மெல்லச் சொல்லலாம். அப்போது "எல்லாக் காய்ச்சலும் இறப்பில் முடியாது, எனக்கு இப்போது உடல்நலம் நன்றாக இருக்கிறது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நீயும் செத்துப்போவாயா?" என்று கேட்டால், "நான் சாகவே மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டா. "எல்லோரும் ஒரு நாள் இறப்பார்கள். நான் நெடுநாள் இருப்பேன் என்று நம்புகிறேன். நான் இல்லாவிட்டாலும் உன்னைப் பார்த்துக்கொள்ளச் சித்தி இருக்கிறாள்" என்பது உண்மையான விடை, அவருக்குப் பற்றுக்கோடும் கூட.

சொர்க்கம், மறுமை, மறுபிறவி ஆகியவற்றில் உங்களுக்குள்ள நம்பிக்கையைச் சொல்வதில் தவறில்லை. உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட்டு, அதன்பின் "நம் வீட்டில் நாம் இப்படி நம்புகிறோம்" என்று சொல்லுங்கள். வரிசை மாறினால் குழப்பம் மிகும்.

பேசாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். பேச்சு வராதவர்களுக்குப் பேச்சு புரியாது என்று கருதிவிட வேண்டா. படஅட்டைகள் வழியே உரையாடுபவராயின், 'இறந்துவிட்டார்', 'துயரம்', 'அப்பாவை நினைக்கிறேன்' ஆகியவற்றுக்கும் அட்டைகளைச் சேர்த்திடுங்கள். கேட்பதற்குச் சொல்லே தராமல், அவர் எதையும் கேட்கவில்லையே என்று நாம் எண்ணிக்கொள்வது முறையாகாது.

இழவு வீடு

ஆட்டிசம் உடைய ஒருவரின் கண்ணாலும் காதாலும் இழவு வீட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் கூடத்தில் ஐஸ் பெட்டி வந்து இறங்குகிறது. அதன் மோட்டார் இடைவிடாது இரைகிறது. வாசலில் பந்தல், நாற்காலிகள், சங்கொலி, பறையொலி, வேட்டுச் சத்தம். ஊதுபத்தியும் ரோஜாமாலையும் கலந்த மணம். முன்பின் அறியாத முகங்கள். வருவோரெல்லாம் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். வழக்கமான காலையுணவு இல்லை. அடுப்பே எரியவில்லை. அவருடைய அறையில் யாரோ படுத்திருக்கிறார்கள்.

இதை எண்ணித்தான் பலர் அவரை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த எண்ணம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் இறந்தவரின் முகத்தைக் கடைசியாகக் காணாதவருக்கு, அவர் எங்கோ இருக்கிறார் என்னும் ஐயம் நெடுநாள் நீங்காமல் இருக்கக்கூடும். முழுவதும் இருக்கச் செய்வது, முழுவதும் விலக்கிவைப்பது என்னும் இரண்டுக்கும் நடுவே வழி உண்டு.

முதலில், அவருக்கென்று ஒருவரை ஒதுக்குங்கள். துக்கத்தின் மையத்தில் இல்லாத, அவருக்கு நன்கு பழகிய அத்தையோ பக்கத்து வீட்டு அண்ணனோ சிறப்பு ஆசிரியரோ அந்த நாள் முழுதும் அவருடன் மட்டும் இருக்கட்டும். ஒரு அறையையோ அண்டை வீட்டையோ அமைதி இடமாக வைத்துக்கொள்ளுங்கள். காதடைப்பான் பயன்படுத்துபவராயின் தயங்காமல் போட்டுவிடுங்கள். துக்க வீட்டில் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று எண்ண வேண்டா. கூட்டம் குறைவான நேரத்தில் உடலருகே அழைத்துச் செல்லுங்கள். "அப்பாவின் கை குளிர்ச்சியாக இருக்கும். கண் திறக்காது" என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். தொட விரும்பினால் தொடட்டும். விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டா.

நடக்கப்போவதை வரிசையாகத் தாளில் எழுதியோ படம் வரைந்தோ காட்டுவது பெருந்துணை. புதிய சூழலைச் சிறு வாக்கியங்களாலும் படங்களாலும் முன்கூட்டி விளக்கும் 'சமூகக் கதை' என்னும் முறையை அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். இன்று பல சிறப்புப் பள்ளிகள் அதைப் பின்பற்றுகின்றன. நீர்மாலை எடுத்தல், வாய்க்கரிசி போடுதல், ஊர்வலம், சுடுகாடு என்றோ, ஆலயத்தில் செபம், கல்லறையில் அடக்கம் என்றோ, ஜனாஸா தொழுகை, மையவாடி என்றோ உங்கள் வழக்கம் எதுவாயினும் அதை ஐந்தாறு படிகளாகப் பிரித்துச் சொல்லலாம். தகனம் பற்றிச் சொல்லும்போது, இறந்த உடலுக்கு வலி தெரியாது என்பதை முதலில் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நெருப்பைக் காட்டுவது பேரச்சத்தை விளைவிக்கும்.

ஒரே மகனாயின் கொள்ளி வைப்பது யார் என்னும் கேள்வி எழும். "அவனால் எப்படி முடியும்?" என்பார் சிலர், "மகன்தான் செய்ய வேண்டும்" என்பார் சிலர். இவ்விரு தரப்பும் அவரைக் கேட்பதில்லை. மொட்டையடித்தல், ஈர வேட்டி, தோளில் கொள்ளிக்குடம், பின்புறம் நெருப்பு ஆகியவை தொடுதலுக்கும் வெப்பத்துக்கும் மிகுந்த கூச்சம் உடையவருக்குப் பெருஞ்சோதனை. அவரால் இயன்ற ஒரு பகுதியை மட்டும் அவர் செய்யலாம்: சித்தப்பாவின் கையின்மேல் தம் கையை வைக்கலாம், மலர் தூவலாம். எஞ்சியதை மற்றவர் செய்வதால் இறந்தவருக்கு எக்குறையும் வாராது. பெரியவர் ஒருவர் உறவினரிடம் இதை முன்னரே சொல்லிவைத்தால், கடைசி நேரப் பேச்சுகளைத் தவிர்க்கலாம்.

இந்த நாட்களில் மறவாதிருக்க வேண்டிய மருத்துவச் செய்தி ஒன்று உண்டு. ஆட்டிசம் உடையவர்கள் பலருக்கு வலிப்பு நோயும் இருக்கும். துக்க வீட்டின் பரபரப்பில் வலிப்பு மாத்திரை இரண்டொரு வேளை தவறுவதும், உறக்கமும் உணவும் கெடுவதும் வலிப்பு மீண்டும் வரக் காரணமாகலாம். மாத்திரைப் பையை அவருடன் இருப்பவரிடம் நேரக்குறிப்போடு ஒப்படைத்துவிடுங்கள்.

மாறிப்போன முகங்கள்

சடங்குகளில் நாம் அதிகம் எண்ணிப் பார்க்காத ஒன்று, உயிரோடிருப்பவர்களின் தோற்றமும் மாறிவிடுவது. தாத்தா இறந்த மறுவாரம் அப்பா மொட்டைத் தலையோடும் மீசையில்லாமலும் வந்து நிற்கிறார். பதினாறாம் நாளுக்குப் பின் அம்மாவின் நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் தாலி இல்லை. முகங்களைச் சிறு அடையாளங்களால் அறிந்து வைத்திருக்கும் ஒருவருக்கு, இது இரண்டாவது இழப்பு. தாயின் நெற்றியில் திரும்பத் திரும்ப ஸ்டிக்கர் பொட்டை ஒட்ட முயலும் பிள்ளைகளைப் பற்றித் தாய்மார்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சகுனம் பார்க்கும் உறவினர் பதறுவார்கள். பிள்ளையோ தன் அம்மாவை மீட்க முயல்கிறது.

இச்சடங்கைச் செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். பொட்டும் பூவும் தொடர்ந்து அணியும் பெண்கள் இன்று பலர். பிள்ளையை முன்னிட்டு அவ்வாறு முடிவு செய்தவர்களையும் அறிவோம். தோற்றம் மாறத்தான் போகிறது என்றால், அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இயன்றால், மாறும்போது அவர் அருகில் இருக்கட்டும்: "தலைமுடியை எடுக்கப் போகிறார்கள். முடி மீண்டும் வளரும். நான் அதே அப்பாதான்."

பிந்தைய மாதங்கள்

காரியம் முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பிறகே வீடு உண்மையில் வெறுமையாகிறது. இனி வேண்டுவது பழைய ஒழுங்கு. எழும் நேரம், உணவு, பள்ளி அல்லது பணியிடம் ஆகியவற்றை இயன்ற விரைவில் முன்போலவே அமையுங்கள். வீடு மாற்றம், பள்ளி மாற்றம் போன்றவற்றை இயன்றால் சில மாதங்கள் தள்ளிவையுங்கள். இறந்தவரின் சட்டையையும் கட்டிலையும் உடனே அகற்றிவிட வேண்டா. ஒரு பெட்டியில் அவருடைய கைக்கடிகாரம், சட்டை, புகைப்படங்கள் ஆகியவற்றை வைத்துக் கொடுத்தால், நினைவு வரும்போது அவரே எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

இறந்தவர் செய்துவந்த வேலைகளைப் பட்டியலிடுங்கள். தலை வாரிவிட்டது யார்? சனிக்கிழமை கடற்கரைக்கு அழைத்துப் போனது யார்? ஒவ்வொன்றையும் இனி யார் செய்வார், அல்லது அது இனி இல்லையா என்பதை நாள்காட்டியில் குறித்துக் காட்டுங்கள்.

ஒரே கேள்வியை நூறாவது முறை கேட்டாலும் அதே சொற்களில் விடை சொல்லுங்கள். "எத்தனை தடவை சொல்வது?" என்று வெடித்துவிட்ட பின் குற்றவுணர்வால் வருந்தும் பெற்றோரிடம் நாங்கள் சொல்வது, விடையை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள் என்பதே. நீங்களும் துக்கத்தில் இருக்கிறீர்கள். அந்த அட்டை சிறிது நேரம் உங்களுக்காகப் பேசும். அவர் முன் நீங்கள் அழுவதிலும் தவறில்லை. "அப்பாவை நினைத்து அழுகிறேன். உன்மேல் கோபம் இல்லை. சற்று நேரத்தில் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு அழுங்கள். கண்ணீர் எதற்காக என்பதை அவர் அப்படித்தான் கற்றுக்கொள்வார்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

துக்கத்தைக் கரைக்கும் மாத்திரை இல்லை. எனினும் சில அறிகுறிகளைக் காத்திருந்து பார்க்கக் கூடாது. உணவும் நீரும் வெகுவாகக் குறைதல், எடை இழப்பு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், புதிதாக வலிப்பு வருதல் ஆகியவற்றுக்கு உடனே வாருங்கள். இயக்கம் மிக மெதுவாகி, ஒரே நிலையில் உறைந்து நிற்றல், வாய்வரை கொண்டுபோன கவளத்தோடு அப்படியே நின்றுவிடுதல் போன்றவை 'கேட்டடோனியா' என்னும் நிலையின் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. திடீர் நடத்தை மாற்றத்துக்குப் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் போன்ற உடற்காரணங்களும் இருக்கலாம். எல்லாவற்றையும் துக்கத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதால் நாங்கள் முதலில் உடலையே சோதிப்போம். ஆறு மாதங்களுக்கு மேலாகியும் அன்றாட வாழ்வுக்குத் திரும்ப இயலாதவாறு துயரம் தணியாதிருப்பின், அதற்கும் உதவி தேவை.

பேசக்கூடியவர்கள் "நானும் அப்பாவிடம் போக வேண்டும்" என்றால் அதை வெறும் பேச்சாக விட்டுவிட வேண்டா. ஆட்டிசம் உடைய வளர்ந்தோரிடையே தற்கொலை இடர் பொதுமக்களைவிட மிகுதி. நேரடியாகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணில் நாள் முழுதும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

நேரம் இருக்கும்போதே

எல்லா மரணங்களும் திடீரென வருவதில்லை. குடும்பத்தில் ஒருவர் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலோ நோய்த்தணிப்புப் பிரிவிலோ இருக்கிறார் என்றால், வீட்டில் ஆட்டிசம் உடையவர் இருப்பதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். நோயாளியின் முகம், குழாய்கள், கருவிகள் ஆகியவற்றின் படத்தை முன்னரே காட்டி, அமைதியான நேரத்தில் சந்திக்க ஏற்பாடு செய்ய இயலும். விடைபெறும் வாய்ப்பு ஒருமுறைதான் கிடைக்கும்.

"எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்?" என்னும் கேள்வி எல்லாப் பெற்றோர் நெஞ்சிலும் உண்டு. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்தபின் பெற்றோர்கூடத் தாமாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்நிலைக் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். அதே அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. அரசுப் பணியில் இருந்தவர்களின், தாமே பொருளீட்ட இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதிகள் உள்ளன; நீங்கள் இருக்கும்போதே அலுவலகப் பதிவில் சேர்த்துவிடுங்கள். இவற்றோடு, அவர் எதை உண்பார், எதற்கு அஞ்சுவார், எந்த மாத்திரை எப்போது, எதனால் அமைதியடைவார் என்பவற்றை ஒரே தாளில் எழுதி இரண்டு உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன இளைஞருக்கு நாங்கள் மாத்திரையைக் கூட்டவில்லை. தாயும் தாய்மாமனும் எங்கள் உளவியலாளரோடு அமர்ந்து, அப்பாவின் படங்களைக் கொண்டு எட்டுப் பக்கக் கதை ஒன்றைச் செய்தார்கள். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் 'அப்பா இறந்துவிட்டார்' என்று இருந்தது. அதைப் படித்துக்காட்டிய அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் ஆறு மணிக்கு வாசலுக்குப் போனார். அந்த வாரம் முழுதும் போனார். ஆனால் கையைக் கடிப்பது குறைந்தது. கதையின் கடைசிப் பக்கத்தில் 'ஆறு மணிக்கு மாமா வருவார். நாம் தேநீர் குடிக்கப் போவோம்' என்று எழுதியிருந்தார்கள். மாமாவும் தவறாமல் வந்தார்.

மூன்றாம் மாதச் சந்திப்பில் தாய் ஒன்றைச் சொன்னார். ஒரு மாலை, தேநீர்க் கடைக்குக் கிளம்புமுன், மகன் கூடத்தில் மாட்டியிருந்த படத்தின் முன் நின்று, "அப்பா செத்துட்டார்" என்றாராம். நான்கு மாதங்கள் அந்த வீட்டில் எவரும் உரக்கச் சொல்லாத சொல் அது. தாய் அழுதார். மகன் அவருடைய முந்தானையை எடுத்துக் கண்களைத் துடைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மாமாவோடு கிளம்பினார்.